சத்தம் போடாத பிக்கப்

அத்தியாயம் ஐந்து

சசிரேகா மேடத்திடம் வேலைக்குச் சேருகிறவன் முதலில் சூடான சாப்பாட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டும். அந்தப் புதன்கிழமை முற்பகலில், வல்லம் வடகால் பின்சாலையில் இருக்கும் லூர்தம்மாள் கடையில் என் தோசை கல்லில் வெந்துகொண்டிருந்தது. நான் பெஞ்சில் இருந்தேன். மேடம் நடுரோட்டில் நின்றுகொண்டிருந்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"இத்தினி வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிய பாத்தீங்க. இப்ப அடிபட்ட ஆளாவும் ஆகிப் பாக்கணுமா மேடம்?" என்றேன்.

"பேசாம இரு ஜோயல். வண்டி வருது."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாலை அந்த இடத்தில் வளைகிறது; கடைக்கு எதிரே இருக்கும் கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் வளைவை முழுசாக மறைத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒரு தண்ணீர் லாரி அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டியது. அதற்குள் மேடம் ஓரத்துக்கு வந்துவிட்டிருந்தார். முகத்தில் சந்தோஷம். அவருக்குச் சந்தோஷம் வந்தால் என் சாப்பாடு போச்சு என்று அர்த்தம்.

மேடத்துக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. விபத்து வண்டிகளைப் பார்த்து, எவன் பொய் சொல்கிறான் என்று கண்டுபிடிப்பதே உத்தியோகமாக இருந்தவர். பிறகு வேலையை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடி அறையில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். நான் அங்கே உதவியாளன், டிரைவர், திட்டு வாங்குகிறவன். மூன்றுக்கும் ஒரே சம்பளம்.

இந்தக் கேஸைக் கொண்டுவந்தவள் நாச்சியார். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் வேலை, மூன்றாம் வகுப்பு படிக்கும் நிலாவுக்குத் தாய். அவளுடைய தம்பி சுடலைக்கண்ணு பிக்கப் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு இதே வளைவில் அந்த பிக்கப், எதிர்க் கம்பெனியின் செக்யூரிட்டி வனமாமலையை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. போன வாரந்தான் கம்பெனி கேட்டில் அவருக்கும் சுடலைக்கண்ணுவுக்கும் வாய்ச்சண்டை. "வண்டிய மேல ஏத்திட்டுப் போயிருவேன் பாத்துக்க" என்று அந்த மடையன் பத்துப் பேர் கேட்கக் கத்தியிருக்கிறான். கோபத்தில் ஆயிரம் சொல்வோம். அதில் ஒன்று நடந்து தொலைத்தால் மிச்சத்தை யார் நம்புவார்கள்?

நேற்று மாலை அவனைப் பிடித்தாயிற்று. இன்று சாயங்காலம் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். கொலை முயற்சி என்று எழுதிவிட்டால் ஜாமீன் குதிரைக்கொம்பு. அவன் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வண்டி இன்ஜின் மாற்ற மெக்கானிக்கிடம் இருந்தது, நான் ரூமில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

மேடம் கடைக்குள் வந்து லூர்தம்மாளிடம் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். அந்த அம்மாள் தோசையைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னாள். போலீசுக்கும் இதையேதான் சொன்னாளாம்.

"இங்க ரோடு தாண்டறவன் கண்ணால தாண்டறதில்லம்மா, காதாலதான் தாண்டுவான். அன்னிக்கி ஒரு ஜீப்பு டமடமன்னு போச்சு. அது தாண்டறப்பவே வனமாமலை அண்ணன் அந்தாண்டயிருந்து, லூர்து ரெண்டு இட்லி வையின்னு கொரல் குடுத்தாரு. நான் இட்லி எடுக்கத் திரும்பினேன். அப்பால ஒரு வண்டி சத்தமும் இல்ல. ஐயோன்னு அவரு கத்தினதுதான் கேட்டுச்சு. ஓடியாந்து பாத்தா ஒரு பிக்கப்போட முதுகு மட்டும் தெரியுது, நம்பரோட."

இந்தச் சாட்சியம் சுடலைக்கண்ணுவுக்கு உதவும் என்று நினைத்தால் அது நம் முட்டாள்தனம். இன்ஸ்பெக்டர் அதையே அவன் கழுத்துக்குக் கயிறாக்கிவிட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தம் வராமல் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து இடித்திருக்கிறான், இதைவிடத் திட்டம் என்ன வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. அதை வெளியே சொன்னால் நடந்து வீடு போக வேண்டியிருக்கும் என்பதால் சொல்லவில்லை.

"இந்த ரோட்டுல சரிவே இல்ல ஜோயல். இன்ஜினை அணைச்சா வண்டி எவ்வளவு தூரம் உருளும்?" என்று கேட்டபடி மேடம் காரை நோக்கி நடந்தார்.

தோசையை இலையோடு சுருட்டிக்கொண்டு நானும் ஓடினேன்.

நாச்சியார் காரின் பின்சீட்டில்தான் இருந்தாள். அந்த இடத்தைப் பார்க்க மனசில்லை என்று கீழே இறங்கவேயில்லை. வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தாள். என்ன என்று காலையிலேயே கேட்டேன். லைனில் பட்டுவிட்டது என்றாள். அவளால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்குவாள், ஏற்றுவாள், மணி கேட்பாள். பிள்ளைப்பாக்கம் போகும் வழியெல்லாம் இதே கதை.

திடீரென்று ஒரு ஷேர் ஆட்டோ குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். அதே நேரத்தில் பின்னாலிருந்து தட் என்று ஒரு சத்தம். நாச்சியார் இரண்டு காலாலும் காரின் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"பின்சீட்டுலயும் ஒரு பிரேக் கீதுன்னு கார் விக்கும்போது சொல்லவேயில்லையே" என்றேன்.

நாச்சியார் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, ரோட்டைப் பார்த்து ஓட்டு என்றார். என் ஜோக்குகளுக்கு இந்தக் காரில் மதிப்பே கிடையாது.

முனிரத்தினத்தின் ஷெட், பிள்ளைப்பாக்கத்தில் பிளாட் போட்ட ஒரு வயலின் ஓரத்தில் இருந்தது. டீசல் இன்ஜின் என்றால் இந்தப் பக்கம் முனிரத்தினம்தான். வாசலில் அவருடைய பழைய டீசல் ஜீப் நின்றது. நாங்கள் போனபோது அங்கே யாரும் வேலை செய்யவில்லை. நடுவில் ஒரு மினி லாரி, அதன் முன் கண்ணாடிக்கு மேல் மல்லிகைச் சரம், நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். பக்கத்தில் அதன் சொந்தக்காரர் நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார்.

"இன்ஜின் வேலை முடிஞ்சிபோச்சுங்க. ஒரு ஸ்டார்ட்டு குடுத்தா நான் லோடு ஏத்தப் போயிடுவேன். மாட்டேங்கறாரு" என்று அந்த மனிதர் எங்களிடம் முறையிட்டார்.

நெற்றி நிறைய குங்குமத்தோடு வந்த முனிரத்தினம் அசையவில்லை. பன்னிரண்டு தாண்டிவிட்டது, ஒன்றரை வரைக்கும் ராகு காலம், புது இன்ஜினுக்கு முதல் ஸ்டார்ட் என்பது பிள்ளைக்குப் பேர் வைக்கிற மாதிரி என்றார். தன் கையால் ராகு காலத்தில் இதுவரை ஒரு இன்ஜினும் முதல் மூச்சு விட்டதில்லை என்று பெருமையாகவே சொன்னார். சொல்லும்போது அவர் பார்வை எங்கள் காரின் பின்சீட்டில் பட்டு, சூடு பட்ட மாதிரி வேறு பக்கம் திரும்பியது.

சுடலைக்கண்ணுவின் பிக்கப் மூலையில் நின்றது. இடது முன்பக்கம் நசுங்கி, விளக்கு உடைந்திருந்தது. ஸ்டேஷனில் வண்டி நிறுத்த இடமில்லை என்று சாவியை மட்டும் போலீஸ் எடுத்துப் போயிருந்தது.

மேடம் வண்டியின் மேல் ஆசைப்பட்டவர் போல் விசாரித்தார். வேலையைப் பற்றிக் கேட்டதும் முனிரத்தினம் பயத்தை மறந்து பேச ஆரம்பித்தார். பழைய இன்ஜின் ஜாம் ஆகிவிட்டது. அதே கம்பெனி இன்ஜின் கிடைக்கவில்லை. விபத்தில் நொறுங்கிய வேறொரு கம்பெனி வண்டியிலிருந்து நல்ல டீசல் இன்ஜின் ஒன்று கிடைத்தது. ஆனால் ஒருவன் செருப்பில் இன்னொருவன் கால் நுழையுமா? இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் இரண்டும் இடம் மாறி இருந்தன. பழையதை அறுத்தெடுத்துவிட்டு, புது மவுண்டிங்கை வண்டியின் அடிச்சட்டமான சேஸிலேயே வெல்டிங் வைக்க வேண்டியிருந்தது.

மேடம் என் போனைப் பிடுங்கி, டார்ச்சை அடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். சுடிதாரில் கிரீஸ் அப்பியதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. எழுந்தவர் துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வெல்டிங் சுத்தமா இருக்கு. எங்க கார் சைலன்சர்கூட கழண்டு தொங்குது. நீங்களே கொஞ்சம் வச்சுக் குடுத்துடுங்களேன்."

என் கார் சைலன்சருக்கு ஒரு குறையும் இல்லை. வாயைத் திறக்கப் போனேன். மேடம் என் காலை மிதித்தார்.

"நம்மாண்ட வெல்டிங் செட்டு இல்லம்மா. வல்லம் வடகால்ல ஒருத்தன் கீறான், அங்க போயி வச்சுக்கங்க" என்றார் முனிரத்தினம்.

"லூர்தம்மாள் கடையைத் தாண்டியா?"

"ஆமா, அதுக்கு அப்பால..." என்றவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

மேடம் அவரை விடவில்லை. சுடலைக்கண்ணுவின் இன்ஜினுக்கு முதல் ஸ்டார்ட் எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டார். போலீசிடம் சொன்னதையே முனிரத்தினமும் ஒப்பித்தார்.

"திங்கக்கெழம காலைல எட்டு மணிக்கு. ஸ்டார்ட்டு பண்ணிச் சாவிய குடுத்தேன், எடுத்துக்கினு போனான். அப்பாலதான் இடிச்சுக் கொண்டாந்து வுட்டான்."

மேடம் மினி லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, திங்கக்கிழமை ராகு காலம் எப்போ?"

"ஏழரை டு ஒம்போது. இது கொழந்தைக்குக்கூடத் தெரியுமேம்மா" என்றார் அவர்.

முனிரத்தினம் சொன்ன எட்டு மணி அதற்குள் மாட்டிக்கொண்டது. முனிரத்தினம் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், போட்டார், மறுபடியும் எடுத்தார். அந்த நேரத்தில்தான் மேடம் சுவர்ப்பக்கம் போய், ஆணியில் தொங்கிய கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார். வண்டி கட்டி இழுக்கும் தடித்த கயிறு. எண்ணெயும் மண்ணும் ஏறிக் கருத்துப்போயிருந்தது. அதன் நடுவில் ஒரு சிவப்புத் துணி, கடையிலிருந்து வாங்கிய மடிப்புகூடக் கலையாமல்.

"கயிறு பழசு, துணி மட்டும் எப்படிப் புதுசு?" என்று கேட்டுவிட்டு மேடமே பதிலையும் சொன்னார். "வெல்டிங் இங்க இல்ல. சேஸிலேயே மவுண்டிங் வைக்கணும்னா வண்டியே வெல்டர்கிட்ட போகணும். மவுண்டிங் வைக்காம இன்ஜின் உட்காராது. அப்ப இன்ஜினே இல்லாம அந்த வண்டி வல்லம் வடகாலுக்கு எப்படிப் போச்சு? முன்னால உங்க ஜீப்பு டமடமன்னு போச்சு, பின்னால பிக்கப் கயித்துல போச்சு. வனமாமலை காதை நம்பி ரோட்டுல எறங்கினாரு. ஜீப்பு போயிடுச்சு, வேற சத்தம் இல்ல. துணி அப்புறம் கட்டினது; அன்னிக்கி கயிறு அவர் கண்ணுல படல. கால் தடுக்கிச்சு, விழுந்தாரு, பின்னால வந்தது இடிச்சுது."

முனிரத்தினம் அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் மேல் எனக்குக் கோபந்தான் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வெல்டர் வேறு வேலைக்குக் கிளம்புகிறேன் என்று அவசரப்படுத்தினானாம். கயிறு கட்டினால் நடுவில் சிவப்புத் துணி கட்டாமல் ஷெட்டை விட்டு நகரமாட்டாராம். அன்றைக்கு மட்டும் மறந்திருக்கிறார். வெல்டிங் முடிந்து, துணி கட்டிய கயிற்றில் வண்டியைத் திரும்ப இழுத்துவந்து, அப்புறந்தான் இன்ஜினை உட்காரவைத்திருக்கிறார். நேற்று போலீஸ் வந்து நின்றதும் நாக்கு தானாகப் பொய் சொல்லிவிட்டதாம்.

"ராவு காலத்துல கயிறு கட்டினேன், அதான் இப்டி ஆயிட்டுது" என்றார்.

"ராகு எதுவும் பண்ணல முனிரத்தினம். சிவப்புத் துணி இல்லாததுதான் பண்ணிச்சு" என்றார் மேடம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கேஸ் முடிந்தது, சுடலைக்கண்ணு சொன்னது அத்தனையும் உண்மை, சாயங்காலத்துக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்விடலாம். ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இழுபடுகிற வண்டியில் ஸ்டியரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டுமே. நம்முடைய மூளையும் கொஞ்சம் வேலை செய்கிறது என்று காட்ட, அது நிச்சயம் வெல்டர் அனுப்பிய ஆள்தான் என்று அடித்துச் சொன்னேன். முனிரத்தினம் எங்கள் காரின் பின்சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மேடம் ஏற்கெனவே காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். பின்கதவைத் திறந்தார்.

"கையைக் காட்டும்மா."

நாச்சியார் தயங்கினாள். பிறகு கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளங்கையில் வரிசையாகக் கொப்புளங்கள், இரண்டு உடைந்து ரத்தம் கட்டியிருந்தன. மறு கையையும் தானாகவே நீட்டினாள். அதிலும் அப்படித்தான்.

"லைன்ல உங்களுக்குக் கையுறை குடுப்பாங்க. இது லைன்ல வந்ததில்ல" என்று மேடம் மெதுவாகச் சொன்னார். "இன்ஜின் ஓடலேன்னா பவர் ஸ்டியரிங் ஆட்டுக்கல் மாதிரி கனக்கும். பிரேக்கை மிதிச்சாலும் அழுந்தாது. அதான் ஆட்டோ குறுக்க வந்ததும் ரெண்டு காலாலயும் மிதிச்சே."

பின்சீட்டில் பிரேக் என்று சிரித்தேனே, பாவி.

நாச்சியார் அழவில்லை. திங்கட்கிழமை காலையிலிருந்து உள்ளே சுழன்றுகொண்டிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நைட் ஷிப்ட் முடித்து, தம்பியின் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க ஷெட்டுக்குப் போயிருக்கிறாள். ஸ்டியரிங் பிடிக்கச் சுடலைக்கண்ணுவைக் கூப்பிடுங்கள் என்று முனிரத்தினம் சொன்னாராம். அவன் இரவெல்லாம் வேறொருவர் வண்டியை ஓட்டிவிட்டு அப்போதுதான் படுத்திருந்தான். தூங்கட்டும், எனக்குத்தான் அவன் ஓட்டக் கற்றுக்கொடுத்திருக்கிறானே, சும்மா பிடித்துக்கொள்வதுதானே என்று ஏறி உட்கார்ந்திருக்கிறாள். லைசென்ஸ் கிடையாது.

"அந்த அண்ணாச்சி விழுந்ததப் பாத்தேன். ரெண்டு காலயும் ஊனி மிதிக்கேன், கல்லு மாதிரி இருக்கு. ஹார்ன் அடிச்சா பேட்டரியே இல்ல. கத்துதேன், முன்னால ஜீப்பு போடுத சத்தத்துல அவருக்குக் கேக்கல. ஹேண்ட் பிரேக் ஞாபகத்துக்கே வரல." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "இடிச்சிட்டு ஓடிட்டாவன்னு ஊரே சொல்லுது. நான் ஓடல மேடம். என்னய இழுத்துட்டுப் போனாவ."

வெல்டர் கடை வாசலில் ஜீப் நின்ற பிறகு திரும்பி ஓடப் பார்த்திருக்கிறாள். வனமாமலையை அதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டதாக யாரோ சொன்னார்கள். தம்பியிடம் வந்து சொன்னபோது அவன் அவள் வாயைப் பொத்தியிருக்கிறான். லைசென்ஸ் இல்லாத நீ உள்ளே போனால் நிலாவுக்கு யார் என்று கேட்டிருக்கிறான். நான் தூங்கினது உண்மை, அதை எப்படியும் நம்பிவிடுவார்கள் என்றானாம். அந்த நம்பிக்கையோடுதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறான், அந்த மடையன். மடையன் என்று இரண்டாவது தடவையாகச் சொல்கிறேன். இந்தத் தடவை அர்த்தம் வேறு.

"நீங்க எப்படியாச்சும் அவன வெளிய எடுத்துருவிய, நான் வாயத் திறக்க வேண்டாம்னு நெனச்சேன்" என்றாள் நாச்சியார். "தப்புதான்."

மேடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் இப்படி யார் பக்கத்திலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நல்லா கேட்டுக்க. கயித்துல கட்டின வண்டி யாரையும் தேடிப்போய் இடிக்க முடியாது. முன்னால போறது எங்க போகுதோ அங்கதான் போகும். நீ அதைச் சொன்ன நிமிஷமே கொலை முயற்சி செத்துப்போச்சு. மிச்சம் இருக்கறது அஜாக்கிரதை, அதுல முனிரத்தினத்துக்குத்தான் பெரிய பங்கு. லைசென்ஸ் இல்லாம உட்கார்ந்ததுக்கு உனக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் ஜாமீன் உண்டு, வக்கீலை நான் வரச் சொல்றேன். ஆனா நீ வாயைத் திறக்கலேன்னா, சத்தம் வராத வண்டி உன் தம்பி தலையிலதான் நிக்கும்."

"நிலா நாலு மணிக்கு ஸ்கூல் விட்டு வருவா."

"லூர்தம்மாகிட்ட சொல்றேன். அவங்க பாத்துக்குவாங்க" என்று நான் முந்திக்கொண்டேன். என் பாதித் தோசை இன்னும் டேஷ்போர்டில் கிடந்தது. அதைப் பற்றிப் பேச வாய் வரவில்லை.

நாச்சியார் காரை விட்டு இறங்கினாள். ஓடிவிடப் போகிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். அவள் முன்கதவைத் திறந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கொப்புளக் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள்.

முனிரத்தினமும் வருகிறேன் என்று எழுந்து வந்தார். கயிற்றையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஆனால் கார் கதவருகே வந்ததும் கால் நின்றுவிட்டது. மணியைப் பார்த்தார். ஜன்னல் வழியாகக் குனிந்து, நாச்சியாரிடம் கெஞ்சுகிற குரலில் சொன்னார்.

"ஒன்னரை ஆவட்டும்மா. நல்ல காரியத்துக்குப் போறோம், ராவு காலம் முடிஞ்சி போலாம்."

நாச்சியார் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு முதல்முறையாக அவள் கையும் காலும் ஆடாமல் இருந்தன.

"எந்தம்பி உள்ள இருக்கது வரைக்கும் எனக்கு எல்லா நேரமும் ராகு காலந்தான் அண்ணாச்சி. ஏறுங்க."

முனிரத்தினம் ஏறினார். நான் காரை எடுத்தேன்.